புதுப்பிப்பு: ராக்கி மலையில் ஆஸ்பென் மஞ்சள்

கொலராடோவின் ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் இலையுதிர்காலத்தில் மஞ்சளாகும் ஆஸ்பென் மரங்களின் இலைகளைப் படமெடுக்க எந்த வெளிச்சம் நல்லது என்று முன்பு கேட்டிருந்தேன். செப்டம்பர் கடைசியில் போய் வந்துவிட்டேன். எதிர்வெளிச்சத்தில் எடுக்கச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி! அங்குள்ள பேர் லேக் ஏரிக்கு அருகே சூரியனைப் பார்த்து நின்றபோது, இலை நரம்புகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன, அப்படியொரு மஞ்சள்!

ஆஸ்பென் இலைக்காம்பு தட்டையானது. லேசான காற்றுக்கே இலை படபடக்கும். கேமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவைக் கூட்டி, ஷட்டர் வேகத்தை 1/500 நொடிக்குக் கொண்டுபோன பிறகே இலைகள் கூர்மையாகப் பதிந்தன. லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் ஃபில்டர் இலையின் பளபளப்பைத் தணிக்கிறது. மேகமூட்டத்திலும் கழற்ற வேண்டாம்.

ஒரே வேர்த்தொகுதியிலிருந்து முளைத்த மரங்கள் சேர்ந்தே நிறம் மாறும். பக்கத்துத் தோப்போ இன்னும் பச்சை. இரண்டும் சந்திக்கும் அந்த எல்லைதான் எனக்கு மிகவும் பிடித்த படம்.

அதே பூங்காவிலுள்ள மொரெய்ன் பார்க் புல்வெளியில் எடுத்த எல்க் மான் படங்களைத் தனியாகப் போடுகிறேன்.