ஆயுட்கால உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு வீட்டைத் தானமாக எழுதலாமா?

கேள்வி:
எழுபது வயதைக் கடந்த என் தாயார், தம் பெயரிலுள்ள வீட்டை என் தங்கைக்குத் தானசெட்டில்மெண்டாக எழுதிக்கொடுக்க விரும்புகிறார். தம் ஆயுள் உள்ளவரை அதில் குடியிருக்கவும், மாடிப் பகுதியின் வாடகையைத் தாமே பெறவும், மனம் மாறினால் பத்திரத்தை ரத்து செய்யவும் உரிமை வேண்டும் என்கிறார். இம்மூன்றையும் ஒரே பத்திரத்தில் எழுத இயலுமா?

பதில் 1:
முதல் இரண்டும் இயலும். கொடுப்பவர் ஆயுட்கால அனுபவ உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டாலும், பத்திரம் முறையாகப் பதிவாகிப் பெறுபவர் ஏற்றுக்கொண்டிருந்தால் தானம் செல்லும் என்று ரேணிகுண்ட்லா ராஜம்மா வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்றாவது விருப்பம்தான் சிக்கல். கொடுத்தவர் தம் விருப்பப்படி எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்ற ஏற்பாடு 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 126-ஆவது பிரிவின்படி செல்லாது. மனம் மாற வாய்ப்புண்டு என்று அம்மையாருக்கே தோன்றினால், உயில் எழுதுவதே பொருத்தம். அதை உயிருடன் இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். (முஸ்லிம்களின் தானமான ஹிபாவுக்கு விதிகள் வேறு.)

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் பெரும்பாலான வழக்குகள் எழுதப்படாத ஷரத்துகளால்தான் வருகின்றன என்பது என் கருத்து. "தாயார் வசித்து வருவார்" என்ற ஒற்றை வரி போதாது. வாடகை யாருக்கு, வீட்டு வரியும் பழுதுபார்ப்பும் யார் பொறுப்பு, தங்கை வீட்டை அடமானம் வைத்தாலும் விற்றாலும் அது தாயாரின் ஆயுள் உரிமைக்குக் கட்டுப்பட்டதே என்பன எல்லாம் தெளிவாக இடம்பெற வேண்டும். அதற்காக "ஒருபோதும் விற்கக் கூடாது" என்று முழுத்தடை எழுதிவிடாதீர்கள். சொத்து மாற்றுச் சட்டத்தின் 10-ஆவது பிரிவின்படி அது நிற்காது. குறைந்தது இரண்டு சாட்சிகளின் கையொப்பம் கட்டாயம்.

கேள்வி கேட்டவர்:
தங்கை பராமரிக்கத் தவறினால் தாயாருக்கு வழியே இல்லையா?

பதில் 3:
உண்டு. 60 வயது நிறைந்தவர், தமக்கு அடிப்படை வசதிகளும் தேவைகளும் செய்துதர வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்து, பெற்றவர் அதை மீறினால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 23-ஆவது பிரிவின்படி தீர்ப்பாயம் அந்த மாற்றத்தைச் செல்லாததாக அறிவிக்கலாம். அத்தகைய நிபந்தனை இருந்தே தீர வேண்டும் என்று 2022-இல் சுதேஷ் சிக்காரா வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. 2025-இல் ஊர்மிளா தீட்சித் வழக்கில், இச்சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. தீர்ப்புகளை நம்பி இருக்காமல், நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்; தங்கையும் ஏற்பைத் தெரிவித்து அதே பத்திரத்தில் கையொப்பமிடட்டும்.