மறிச்சா ஏத்தலாமா? – குடும்பக் குரூப்பில் ஒரு ராத்திரி

*ராஜி அத்தை, இரவு 8:02*
பகிரப்பட்டது: அமெரிக்காவில் புதுச் சட்டம்!! போராட்டக்காரர்கள் காரை மறித்தால் ஏற்றிவிட்டுப் போகலாம். கேஸ் கிடையாது!!

*ராஜி அத்தை, 8:03*
தேனு, இது நெசமாடி? பிரபு அங்கதான தினம் வண்டி ஓட்டுறான்

*தேன்மொழி, 8:11*
பாதிகூட நெசம் இல்ல அத்தை. 2021-ல ஓக்லஹோமா, ஃப்ளோரிடா, அயோவா மூணு மாநிலமும் சட்டம் போட்டது உண்மை. ஃப்ளோரிடாவும் அயோவாவும் டிரைவருக்குப் பாதுகாப்பு கொடுக்குறது நஷ்டஈட்டு வழக்குலதான். ஓக்லஹோமால கிரிமினல் வழக்குலயும் பாதுகாப்பு உண்டு. ஆனா கலவரத்துலேருந்து தப்பிக்கிறப்ப, வேணும்னு இல்லாம மோதியிருக்கணும், தப்பிச்சாகணும்னு நியாயமா நம்பியிருக்கணும், கவனமாவும் ஓட்டியிருக்கணும். "மறிச்சா ஏத்து"ன்னு எவனும் எழுதி வைக்கல

*பிரபு, 8:13*
நான் இருக்கிறது ஆஸ்டின். இங்க எப்படி அக்கா?

*தேன்மொழி, 8:19*
ஆஸ்டின் இருக்குறது டெக்சாஸ் மாநிலம். அங்க பீனல் கோடு (தண்டனைச் சட்டம்) 9.31, 9.32 பிரிவுதான் தற்காப்பு. ஒருத்தன் சட்டவிரோதமா, பலவந்தமா உன் காருக்குள்ள நுழையப் பாத்தாலோ, உன்னை வெளிய இழுத்தாலோ, நீ பயந்தது நியாயம்னு சட்டமே அனுமானிச்சுக்கும். அதுக்கு நீ சண்டைய இழுத்திருக்கக் கூடாது, குற்றம் எதுவும் பண்ணிட்டிருக்கக் கூடாது. சின்ன டிராஃபிக் மீறல் கணக்குல வராது

*தேன்மொழி, 8:20*
திட்டுறது மட்டும் போதாது. வெறும் வாய்ச்சண்டைக்குப் பலம் காட்ட அனுமதி இல்லைன்னு 9.31-லயே இருக்கு. பானெட்டத் தட்டுறது வேற, கதவத் திறந்து இழுக்குறது வேற. பாதிப் பேரு தடுமாறுறது இங்கதான்

*பிரபு, 8:22*
ரிவர்ஸ் எடுக்க வழி இருந்தும் எடுக்கலன்னா?

*தேன்மொழி, 8:24*
டெக்சாஸ்ல பின்வாங்கணும்னு கடமை இல்ல. அங்க இருக்க உனக்கு உரிமை இருக்கணும், சண்டைய இழுத்திருக்கக் கூடாது, குற்றம் எதுவும் பண்ணிட்டிருக்கக் கூடாது. அப்படி இருந்தா, ஏன் பின்வாங்கலன்னு ஜூரி யோசிக்கவே கூடாது. ஆனா "அந்த நொடியே அவசியமா இருந்துச்சா"ன்னு கேப்பாங்க. அதுலேருந்து தப்ப முடியாது

*சுந்தர் சித்தப்பா, 8:31*
அப்ப அந்த ஆஸ்டின் கேசுல ஏன் கொலைன்னு தீர்ப்பு வந்துச்சு? துப்பாக்கியோட வந்தவன்தானே செத்தது

*தேன்மொழி, 8:40*
2020 ஜூலை 25, காங்கிரஸ் அவென்யூ. டேனியல் பெர்ரி ராணுவ சார்ஜென்ட், ஊபர் ஓட்டிட்டிருந்தார். போராட்டக் கூட்டம் இருந்த தெருவுல கார் திரும்பிச்சு, ஆளுங்க சூழ்ந்து தட்டுனாங்க. போராட்டத்துல இருந்த கேரட் ஃபாஸ்டர் ஏகே மாதிரி ரைஃபிளோட ஜன்னல் பக்கம் வந்தார். அங்க அதை வெளிப்படையா வச்சிருக்கிறது சட்டப்படி சரி. பெர்ரி உள்ளேருந்து ரிவால்வரால சுட்டார், கொஞ்ச தூரம் ஓட்டிட்டுப் போய் அவரே போலீசைக் கூப்பிட்டார்

*தேன்மொழி, 8:42*
ஃபாஸ்டர் ரைஃபிள் நீட்டினாரா இல்லையாங்கிறதுதான் வழக்கு. நீட்டலன்னு சாட்சிங்க. அதோட, குறி வைக்க ஃபாஸ்டருக்கு வாய்ப்புக் கொடுக்க விரும்பலங்கிற மாதிரி பெர்ரியே போலீஸ்கிட்ட சொல்லிட்டார். இன்னும் குறி வைக்கலன்னு அவர் வாயாலயே வந்தது மாதிரி ஆயிருச்சு. போதாததுக்கு, கலவரக்காரங்களச் சுடுறதப் பத்தி முன்னாடியே அனுப்பின மெசேஜ்கள். 2023 ஏப்ரல் 7 கொலைன்னு தீர்ப்பு, மே மாசம் 25 வருஷ ஜெயில் தண்டனை. 2024 மே 16 கவர்னர் அபட் மன்னிச்சு விட்டுட்டார்

*சுந்தர் சித்தப்பா, 8:44*
மன்னிப்பு வேற, தற்காப்பு நிரூபணமாச்சுங்கிறது வேற. அதைப் போட்டுக் குழப்புறானுங்க

*தேன்மொழி, 8:45*
அதேதான் சித்தப்பா. வர்ஜீனியாவுல சார்லட்ஸ்வில் கேசையும் பாருங்க, 2017 ஆகஸ்ட் 12. போராட்டக் கூட்டத்துல ஒருத்தன் காரை ஏத்தி ஒரு பொண்ணு செத்துச்சு. கூட்டத்தப் பாத்து பயந்துதான் ஓட்டினான்னு வக்கீல் சொன்னார். வீடியோல கார் முதல்ல பின்னாடி போகுது, அப்புறம் வேகமெடுத்து இறங்குது. அதுக்கு முன்னாடி காரைச் சுத்தி யாரும் இல்ல. 2018 டிசம்பர்ல கொலைன்னு தீர்ப்பு. பயம்னு நாம சொல்றத வண்டி போன தடம் பொய்யாக்கிரும்

*பிரபு, 8:49*
சரி, மாட்டிக்கிட்டா என்ன பண்றது?

*தேன்மொழி, 8:56*
ஜன்னல ஏத்து, கதவப் பூட்டு, எஞ்சின் ஓடட்டும், கால் பிரேக்குலயே இருக்கட்டும். இஞ்ச் இஞ்சா முன்னாடி தள்ளிப் பாக்காத. நீ மெதுவாப் போறதா நினைப்ப, எதிர்ல நிக்கிறவனுக்கு அது மோத வர்ற வண்டி. டெக்சாஸ்ல காரையும் கொல்லக்கூடிய ஆயுதமா எடுத்துக்கலாம், அப்ப தற்காப்பு அவன் பக்கம் போயிரும். ஹாரனும் வேணாம். முன்னாடி வண்டியோட பின்டயர் தெரியுற அளவு இடம் விட்டு நின்னாத்தான் திரும்பி வெளிய வர முடியும். ஒட்டி நின்னவங்கதான் மாட்டுறது. 911-ஐக் கூப்பிட்டு லைன்லயே இரு. அந்தப் பதிவு பிற்பாடு உன் சாட்சி

*தேன்மொழி, 8:57*
டாஷ்கேம் கார்டைத் தனியா எடுத்து வை. பல கேமரா பழசு மேலயே எழுதிரும். போலீஸ்கிட்ட பேர், லைசென்ஸ், இன்சூரன்ஸ். மிச்சத்தை வக்கீல் வந்து பேசட்டும்

*சுந்தர் சித்தப்பா, 9:05*
இங்க நம்ம ஊர்லயும் கேளுங்க. பி.என்.எஸ். (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 34-லேருந்து 44 வரை தற்காப்பு. 37-ல முக்கியமான கட்டுப்பாடு ரெண்டு: போலீஸ்கிட்டப் போக நேரம் இருந்தா உரிமை இல்ல, தேவைக்கு மேல அடிக்கக் கூடாது. உயிர் போற அளவுக்குப் போகணும்னா 38. சாவு, கொடுங்காயம் மாதிரி அதுல சொல்லியிருக்கிற பெரிய ஆபத்து வரும்ங்கிற நியாயமான பயம் வேணும். வெறும் மறியல் அதுல வராது. அது 126, ஒரு மாசம் வரை ஜெயில், இல்லாட்டி 5000 ரூபா வரை அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். அதுக்காக ஒரு உயிரா?

*சுந்தர் சித்தப்பா, 9:07*
இன்னொன்னு. டெக்சாஸ்ல தற்காப்புக்கு ஆதாரம் வந்துட்டா அதைச் சந்தேகமில்லாம உடைக்க வேண்டியது அரசுத் தரப்பு. இங்க பாரதிய சாட்சிய அதினியம் (சாட்சியச் சட்டம்) 108 படி நாமதான் காட்டணும். பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கும்னு காட்டினாப் போதும்

*ராஜி அத்தை, 9:10*
அடிபட்டவனப் பாத்து வண்டிய நிறுத்தினா கூட்டம் அடிச்சுக் கொன்னுருமேப்பா?

*சுந்தர் சித்தப்பா, 9:14*
மோட்டார் வாகனச் சட்டம் 134 அதையும் யோசிச்சிருக்கு அக்கா. கூட்டத்தோட ஆத்திரத்தால முடியலன்னா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற கடமையிலேருந்து விலக்கு உண்டு. ஆனா ஸ்டேஷன்ல தகவல் சொல்ற கடமை போகாது. முடிஞ்ச சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள்ள. நேரா வீட்டுக்குப் போய்ப் படுத்துட்டாத்தான் சிக்கல்

*ராஜி அத்தை, 9:16*
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

*தேன்மொழி, 9:17*
அத்தை 😄 நீக்கினாலும் வாங்கினவங்க ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பாங்க

*ராஜி அத்தை, 9:18*
அய்யோ, சபா குரூப்புலயும் போட்டுட்டேனேடி