மொட்டை போட்டதும் ஐடி பிளாக்: யாரிடம் பேசுவது?

கோவை ரைடர்:
மகனுக்குப் பழனியில் முடியிறக்கினோம், நானும் மொட்டை போட்டு தாடியையும் எடுத்துவிட்டேன். மறுநாள் டெலிவரி ஆப்பில் லாகின் செல்ஃபி கேட்டது. முகம் பொருந்தவில்லையாம். வெளிச்சத்தில் நின்று மறுபடி எடுத்தேன். 'உங்கள் கணக்கை வேறொருவர் பயன்படுத்துகிறார்' என்று ஐடியை பிளாக் செய்துவிட்டது. ஆதார், பழைய படம், கோயில் ரசீது எல்லாம் சாட்டில் அனுப்பினேன். 'சிரமத்துக்கு வருந்துகிறோம்.' நீங்க மனுஷனா என்று கேட்டதற்கும் அதே பதில்தான். வண்டி டியூ வேறு நெருங்குகிறது. ஆள்மாறாட்டக்காரன் என்று சொல்லிவிட்டு, இல்லை என்று மறுக்கக்கூட எதிரில் ஓர் ஆளை வைக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

மணி, திருப்பூர்:
தம்பி, மனுஷ சூப்பர்வைசர் மட்டும் என்ன ஒழுங்கு? எங்கள் கம்பெனியில் அவருக்குப் பிடிக்காதவனுக்கு ஷிப்டே கிடைக்காது. ஆனால் அவர் வீட்டு வாசலில் போய் நின்று சண்டை போடலாம்.

சட்டம் படிக்கும் சுபா:
ஐடி கொடுத்தது முதல் வந்த செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், ஆப்பிலிருந்து மறையலாம். 'ஒரு மனிதர் என் ஆவணங்களைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்' என்று குறைதீர் அதிகாரிக்கு மெயில் போடுங்கள்.

ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 ஏப்ரலில் ஊபர் ஓட்டுநர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மோசடி என்று கணக்கை முடக்கியதில் மனிதர்களும் இருந்தார்கள் என்றது நிறுவனம். அவர்கள் பங்கு வெறும் பெயரளவுதான் என்றது நீதிமன்றம். யாரோ ஒருவர் பட்டனை அழுத்தினால் போதாது, யோசித்திருக்க வேண்டும். கர்நாடகத்தின் 2025 கிக் தொழிலாளர் (ஆப் வழியே வேலை செய்பவர்கள்) சட்டத்தில் ஒருவரை நீக்குவதற்கு எழுத்தில் காரணமும் 14 நாள் முன்னறிவிப்பும் வேண்டும். தமிழ்நாட்டில் 2023இல் நலவாரியம் அமைத்தார்கள், இப்படியொரு பாதுகாப்பு இன்னும் வரவில்லை. நம் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும், இயந்திரம் மட்டும் எடுத்த முடிவை மறுக்கும் உரிமை இல்லை. எனக்கு இதில்தான் கோபம்.

மணி, திருப்பூர்:
தொழிலாளர் துறை அலுவலகத்துக்குச் சங்கத்து ஆளையும் கூட்டிப் போங்க தம்பி. தனியாகப் போனால் அங்கேயும் டோக்கன் மெஷின்தான் பேசும்.

கோவை ரைடர்:
மெயில் அனுப்பிவிட்டேன் சுபாக்கா. நாளை தொழிலாளர் துறை அலுவலகம் போகிறேன். இதே மாதிரி பிளாக் ஆனவர்கள் காந்திபுரம் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஒரே மனுவாகக் கொடுப்போம்.