கடல்கோள் காலத்தில் யார் கார் ஓட்டினார்கள்? சித்தப்பாவுக்கு என்ன பதில் சொல்வது?

திருமுல்லைவாசல்காரன்:
சித்தப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். பூமி சூடாவது மனிதனால்தான் என்று நான் வாயைத் திறந்தால் போதும், "குமரிக்கண்டத்தைக் கடல் கொண்டப்போ எவன்டா கார் ஓட்டினான்? பூமி சூடாகும், ஆறும்" என்கிறார். இணையத்தில் தேடினால் எல்லாம் அறிக்கை நடை. படித்துக் காட்டினால் தூங்கிவிடுவார். எங்கள் போர்வெல் தண்ணீர் வேறு உப்புக் கரிக்கிறது. அவருக்கு உறைக்கிற மாதிரி யாராவது சொல்லுங்களேன்.

கருங்கல்:
கல்லூரியில் ஜியாலஜி பாடம் நடத்துகிறேன். சித்தப்பா சொல்வதில் பாதி சரி. குமரிக்கண்டம் என்ற பெரிய நிலப்பரப்புக்கு எங்கள் துறையில் சான்று இல்லை. ஆனால் கடல் ஏறியது உண்மை. 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் கீழே கிடந்தது. இலங்கைக்கு நடந்தே போகலாம். பூமியின் சுற்றுப்பாதையும் அச்சுச் சாய்வும் மெல்ல மாறியதில் பனியுகம் முடிந்து, வடக்கே மலைமலையாய்க் கிடந்த பனி உருகியது. அதில் நமக்குப் பங்கே இல்லை. இதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் காது கொடுப்பார்.

அப்புறம் கேளுங்கள்: அதே சாய்வு இப்போது எந்தப் பக்கம் தள்ளுகிறது? குளிரும் பக்கம். சூரியன் என்பாரா? 1978 முதல் செயற்கைக்கோள்கள் அளந்துவருகின்றன. சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறதே தவிர, மொத்தத்தில் வெயில் கூடவில்லை. சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலத்தின் மேல் அடுக்கும் சூடாக வேண்டும். அது குளிர்ந்துவருகிறது.

தமிழாசிரியர் என்பதால் கீழடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே கரித்துண்டின் வயதைச் சொன்னது கார்பன்-14, அதாவது காற்றிலிருந்து உயிர்களுக்குள் போகும் ஒரு வகைக் கார்பன். உயிர் போன பொருளில் அது நாளாக நாளாகக் குறையும். கோடிக்கணக்கான ஆண்டுப் பழசான நிலக்கரியிலும் பெட்ரோலிலும் மிச்சமே இருக்காது. அந்தப் புகை கலந்து காற்றில் கார்பன்-14 நீர்த்துப்போனதை ஹான்ஸ் சூஸ் என்ற விஞ்ஞானி 1955இலேயே மரங்களில் அளந்து காட்டினார். கீழடித் தேதியை நம்புகிறவர் இதை மட்டும் எப்படித் தள்ளுவார்?

வெயிலான்:
ஒரு நிமிஷம் சார். எரிமலையிலிருந்து வரும் கார்பனும் பழசுதானே? அதிலும் கார்பன்-14 இருக்காது. பிறகு எப்படி நம் தலையில் கட்டுகிறீர்கள்?

கருங்கல்:
நல்ல மடக்கு! என் மாணவர்கள் இப்படிக் கேட்டால் சந்தோஷப்படுவேன். இதற்குக் கார்பன்-13 என்ற, கொஞ்சம் கனமான இன்னொரு வகைக் கார்பன்தான் சாட்சி. செடிகொடிகள் அதைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுத்தான் காற்றை உண்ணும். நிலக்கரியும் எண்ணெயும் பழைய உயிர்களின் மிச்சம், அதனால் அவற்றில் கார்பன்-13 குறைவு. எரிமலை வாயுவில் அப்படிக் குறைவதில்லை. காற்றில் இப்போது கார்பன்-13இன் பங்கும் இறங்கிக்கொண்டே வருகிறது. கணக்காகப் பார்த்தாலும், உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஒரு வருஷத்தில் விடும் கரியமில வாயு நாம் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. போதாததற்கு, பெரிய எரிமலை வெடித்தால் பூமி சில காலம் குளிரும். 1991இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்த பிறகு சுமார் அரை டிகிரி இறங்கியது.

ராயபுரம் செல்வி:
எல்லாம் சரி, ஆனால் கடல் வீட்டு வாசலுக்கு வந்தாலே "காலநிலை மாற்றம்" என்று எழுதிவிடுகிறார்கள், அதுதான் எரிச்சல். வடசென்னையில் எங்கள் பக்கம் கரை அரித்தது சென்னைத் துறைமுகத்தால். தெற்கிலிருந்து வரும் மணலை அது மறித்தது. மெரினா அகலமானது, எங்கள் கரை கரைந்தது. நூறு வருஷத்துக்கும் மேலான கதை இது.

கருங்கல்:
ஒப்புக்கொள்கிறேன். மனிதன் செய்தது எல்லாமே புகையால் செய்தது இல்லை. 1900க்குப் பிறகு உலகக் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது, அது ஒரு பக்கம். திருமுல்லைவாசல் இருக்கும் காவிரிப் படுகையில் 1934இலிருந்து மேட்டூர் அணை வண்டலைப் பிடித்துவைக்கிறது, கரைக்கு வந்து சேரும் மண் குறைகிறது. நிலத்தடி நீரையும் உறிஞ்சித் தள்ளுகிறோம், அந்த இடத்தில் கடல்நீர் புகுந்துவிடும். திருமுல்லைவாசல் தம்பி, உங்கள் போர்வெல் விஷயத்தில் சித்தப்பாவிடம் சண்டை போடுவதற்கு முன், சுற்றுவட்டாரத்தில் எத்தனை மோட்டார் எவ்வளவு ஆழத்தில் ஓடுகிறது என்று விசாரியுங்கள்.