லைசென்ஸ் புதுப்பிக்கப் போய் இடது கண்ணில் கோளாறு தெரிந்தது, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். எனக்கு 51 வயது. கார் லைசென்ஸ் அடுத்த மாதம் முடிகிறது. 40 வயதைத் தாண்டினால் படிவம் 1ஏ மருத்துவச் சான்று வேண்டுமே என்று போன வாரம் டாக்டரிடம் போனேன். வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு போர்டைப் படிக்கச் சொன்னார். மேலே இருந்த பெரிய எழுத்திலேயே பாதிதான் தெரிந்தது, மீதியைப் புகை மூடினாற்போல் இருந்தது. கையை எடுத்ததும் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஒரு கண்ணின் குறையை மற்றது மறைத்திருக்கிறது. வலியே இல்லை.

கண் மருத்துவர் பார்த்ததில் கண் அழுத்தம் 32, இது அதிகமாம். க்ளாக்கோமா, அதாவது பார்வை நரம்பு கெட்டுப்போகும் நோய் என்கிறார். போன பார்வை திரும்பாதாம், இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாமாம். வியாழக்கிழமை ஃபீல்ட் டெஸ்ட், அதாவது சுற்றிலும் எவ்வளவு தூரம் பார்வை தெரிகிறது என்று பார்க்கும் சோதனை. கூடப் பிறந்தவர்களும் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமாம், தம்பியிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அம்மாவை வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவது நான்தான். இந்த நிலையில் உங்களில் யாருக்காவது லைசென்ஸ் புதுப்பித்துக் கொடுத்தார்களா? இரவில் ஓட்ட முடிகிறதா? டெஸ்ட் முடிந்ததும் டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும்? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். அதுவரை வண்டியைத் தொடுவதாக இல்லை.