கடைசி செமஸ்டரில் ஆடித் தீர்த்த அக்காக்கள்: உங்களுக்கும் யாராவது இருக்கிறார்களா?

மாடிப்படி:

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி, ஹாஸ்டல். நான் முதலாண்டு, அக்கா மூன்றாமாண்டு கணிதம். பரதம் ஆடுவாள். ஆறாவது செமஸ்டர் தொடங்கிய அன்றே காலண்டரை எடுத்து, ஸ்டடி லீவு வரைக்கும் எத்தனை சாயங்காலம் மிச்சம் என்று எண்ணிவிட்டாள். இன்டர்னல், ஊருக்குப் போகும் ஞாயிறு எல்லாம் கழித்து அறுபத்தொன்று. படிப்பு முடிந்ததும் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கப் போகிறார்கள் என்பது அறையில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசமாட்டோம்.

அப்புறம் அவள் ஆடாத இடம் கிடையாது. சாப்பாடு முடிந்து பெஞ்சை ஓரம் தள்ளிய மெஸ், துணி காயும் மொட்டை மாடி, பாத்ரூம் வரிசை. வார்டனுக்குக் கேட்கக் கூடாது என்று சலங்கைக்கு மேல் பழைய துப்பட்டாவை இறுக்கிச் சுற்றிக்கொள்வாள். அப்போது அது சலங்கை மாதிரியே இருக்காது. யாரோ அடுத்த வீட்டில் அரிசி புடைப்பது போல இருக்கும்.

ஒரு ஞாயிறு அவுட்டிங்கில் நெல்லையப்பர் கோயிலுக்குப் போனோம். வெளியூர்ப் பிள்ளைகள் எல்லாம் இசைத்தூணைப் பார்க்க மணிமண்டபத்துக்கு ஓட, இவள் என் கையைப் பிடித்துத் தாமிர சபைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். அவ்வளவாகக் கூட்டம் இல்லை. துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு, "ஏளா, தாளம் போடு. மூணு, நாலு. மூணு, நாலு. அவ்வளவுதான். மிஸ்ர அலாரிப்பு, நாலே நிமிசம்" என்றாள். பரதக் கச்சேரியில் முதலில் ஆடுவது அலாரிப்பு; மிஸ்ரம் என்றால் ஏழு எண்ணிக்கைத் தாளம்.

எனக்கு வெட்கம். தூணோரம் ஒரு குடும்பம் உட்கார்ந்து புளியோதரை தின்றுகொண்டிருந்தது. "எக்கா, எல்லாரும் பார்க்காவ, நான் மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. "சரி விடு" என்று சொல்லி, இடது கையால் தன் தொடையிலேயே தட்டிக்கொண்டு, வலது கையை மட்டும் வைத்து ஆடினாள். பாதி அலாரிப்பு. ஒற்றைக் கை அலாரிப்பு. காவலுக்கு இருந்த பெரியவர் வந்து, "என்ன பாப்பா, கையில அடிபட்டிருக்கா?" என்று கேட்டார்.

ஒன்பது வருஷம் ஆகிறது. அந்தக் கேள்வி என்னைப் பார்த்துக் கேட்டது போலவே இருக்கிறது.

தென்காசிச் சாரல்:

நடராசர் ஆடிய சபை ஐந்து. சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, திருவாலங்காடு இரத்தினம், உங்களுக்குத் தாமிரம், எங்கள் குற்றாலத்துக்குச் சித்திரம். சுவர் முழுக்க ஓவியம் இருக்கிற சபையை விட்டுவிட்டு டவுனில் போய் ஆடுவானேன்? (2019-இல் தென்காசி தனி மாவட்டம் ஆகிவிட்டது, இருந்தாலும் இந்த நெல்லை இழையில் எனக்கும் இடம் உண்டு என்று நினைக்கிறேன்.)

எங்கள் துறைச் சுற்றுலாவில் நடந்தது. ஒரு சீனியர், கடைசி வருஷம். சித்திர சபைக்கு வெளியே எல்லோரும் பஜ்ஜிக்குக் காத்திருந்தபோது, திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் நாயகி வசந்தவல்லி பந்தடிக்கிற இடத்தை ஆடிக் காட்டினாள். 1944-இல் ருக்மிணி தேவி தன் நடனப் பள்ளியான கலாக்ஷேத்ராவில் மேடையேற்றியது இந்தக் குறவஞ்சியைத்தான்; குற்றாலத்துப் பிள்ளைகள் அதைக் குற்றாலத்தில் ஆடிப் பார்த்தது உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தாள். பாட்டு அவளே பாடினாள். மூச்சு வாங்கியது. பந்து கிடையாது. ஆனால் கண் பந்தோடு போகும்: கீழே, மேலே, பக்கத்தில். ஒரு தரம் பந்து கைநழுவி எங்கள் பக்கம் வந்தது.

நான் கையை நீட்டிவிட்டேன்.

பஸ் முழுக்கச் சிரிப்பு. மூன்று வருஷம் என்னை 'கீப்பர்' என்று கூப்பிட்டார்கள். சிரிக்கட்டும். அந்தப் பந்து வந்தது ஐயா.

சத்திரத்துக்காரன்:

சாரல் அண்ணாச்சி, பந்துக் கதையை நான் நம்பவில்லை. பஜ்ஜியை நம்புகிறேன்.

என் ஆள் கரகம். எம்.ஏ. இரண்டாமாண்டு, நான் அவளுக்கு ஜூனியர். கடைசி செமஸ்டரில்தான் கரகாட்டம் கற்றுக்கொள்ளவேண்டும் என்று பிடிவாதம். "வேலைக்குப் போயிட்டா எந்த மேனேஜர் எனக்குக் கரகம் தூக்க லீவு தருவான்?" என்பாள். முக்கூடல் பக்கம் ஒரு கரகாட்டக்கார அம்மாவிடம் சனி, ஞாயிறு போய் வந்தாள். நான் துணைக்கு, அதாவது பை தூக்க.

ஒரு நாள் செம்பைக் கையோடு எடுத்துப் போகவேண்டி வந்தது. கனம் நிற்க உள்ளே நாலு கிலோ அரிசி. மேலே அலங்காரம் இல்லை, உச்சியில் வைக்கிற பொம்மைக் கிளி மட்டும் தனியாக என் பையில். டவுன் பஸ், பெண்களுக்கு இலவசம். கண்டக்டர் அவளுக்கு இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, மடியில் இருந்த செம்பைப் பார்த்தார்.

"உனக்கு ஃப்ரீ தாயி. குடம் பொம்பளையா ஆம்பளையான்னு எனக்குத் தெரியாது. லக்கேஜ் எடு."

இவள் அசரவில்லை. "அது குடம் இல்லண்ணே, என் தலை. கழத்தி மடியில வச்சிருக்கேன்."

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே டிக்கெட்டையும் அடித்தார். அப்புறம் ஒரு ஆச்சி ஏற, இவள் எழுந்து இடம் கொடுத்தாள். நிற்கிற நெரிசலில் செம்பை எங்கே வைப்பது? தலையில் வைத்தாள். மேல் கம்பியை மட்டும் ஒரு கையால் பிடித்திருந்தாள், செம்பை அல்ல. ஒரு வளைவில் டிரைவர் வேகமாகத் திருப்பினார். ஆச்சி சாய்ந்தார், நான் சாய்ந்தேன், கண்டக்டர் பையோடு சாய்ந்தார். செம்பு அப்படியே இருந்தது. இடுப்புக்குக் கீழே அவள் பஸ்ஸோடு போனாள், கழுத்துக்கு மேலே போகவில்லை.

அந்த லக்கேஜ் டிக்கெட்டை என்னிடம் கொடுத்து "வச்சுக்கோ" என்றாள். இன்னும் பர்சில் இருக்கிறது. அச்செல்லாம் மங்கி வெறும் வெள்ளைத் தாள் ஆகிவிட்டது.

ஓய்வில் ஆச்சி:

பிள்ளைகளா, எல்லாம் நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் மொட்டை மாடிச் சிமெண்டுத் தரையில் அறுபத்தொரு சாயங்காலம் ஆடினாளே, அவள் முட்டி என்ன ஆயிற்று என்று ஒருத்தராவது கேட்டீர்களா? முப்பது வருஷம் நடனம் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் கேட்கிறேன்.

என் கதை சின்னது. என்னிடம் படித்த ஒரு பெண், இதே மாதிரி கடைசி செமஸ்டர் வேகம், தினம் மூன்று மணி நேரம். கல்லூரி விழா அன்று கணுக்காலில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தையும் கையையும் மட்டும் வைத்து, அபிநயப் பாட்டான பதம் பிடித்தாள்.

இனி விஷயம். பாதத்தைத் தரையில் அடிக்கிற தட்டடவு தட்டும்போது தரை எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு அடி திருப்பி எலும்புக்கு வரும். சிமெண்டு விட்டுக்கொடுக்காது. மரப்பலகைத் தரை விட்டுக்கொடுக்கும், மண் தரையும் கொஞ்சம் கொடுக்கும். முட்டியை மடக்கிப் பாதி உட்கார்ந்து நிற்கிற அரைமண்டியில் முட்டி பாத விரல் போகும் பக்கமே போகவேண்டும். திருப்பம் இடுப்பிலிருந்து வரவேண்டும். இடுப்பு திரும்பாமல் பாதத்தை மட்டும் வெளியே திருப்பினால் நடுவில் மாட்டிக்கொண்டு முறுகுவது முட்டி. இரண்டு மாதம் ஆடாமல் இருந்துவிட்டு ஒரே நாளில் மூன்று வேகத்திலும் அடவு செய்வதுதான் மிகப் பெரிய தப்பு. வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கணுக்காலுக்கு மேல் முன்னெலும்பில் ஒரே புள்ளியில், ஒரு விரல் வைத்து அழுத்தினால் உயிர் போகிற மாதிரி வலித்தால் நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரிடம் போங்கள், தைலம் தேய்க்காதீர்கள். ஆடப்போகும் முன் காலிவயிற்றில் டீ வேண்டாம். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பாருங்கள், ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதத்தை அன்றன்றைக்கே கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள், கடைசியில் ஓடாதீர்கள்.

படிப்பு முடிந்தால் ஆட்டமும் முடிந்தது என்று யார் சொன்னது? மாவட்ட அரசு இசைப்பள்ளி நெல்லையிலேயே இருக்கிறது. மூன்று வருஷப் படிப்பு, பரதமும் உண்டு. 12 முதல் 25 வயதுவரை சேர்க்கிறார்கள். இருபத்தொரு வயதில் டிகிரி முடிக்கிற பிள்ளைக்கு இன்னும் நாலு வருஷம் கையில் இருக்கிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மாடிப்படி:

ஆச்சி, அக்கா முட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் எழுதியது முட்டியைப் பற்றி இல்லை. ஆனாலும் அந்த நாலு வருஷக் கணக்கு அப்போது எங்களுக்குத் தெரியாது. மாடியில் யாராவது வந்து சொல்லியிருக்கலாம்.

கொக்கிரகுளம்:

உங்கள் எல்லோருக்கும் சீனியர் அக்கா. எனக்கு நானே. 2023-24 கடைசி வருஷம்.

டிசம்பர் 17, 18. அந்த மழையைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்றார்கள். கலெக்டர் ஆபீஸுக்குள்ளேயே ஆறு வந்தபோது எங்கள் தெரு எந்த மூலை? வீட்டில் இடுப்பளவு. சலங்கை பீரோவின் அடித்தட்டில் இருந்தது. நாலாம் நாள் பீரோவைத் திறந்தால் உள்ளே வண்டல். சலங்கையை எடுத்துக் குலுக்கினேன். சத்தமே இல்லை. ஒவ்வொரு மணிக்குள்ளும் சேறு போய் அப்படியே இறுகிவிட்டது.

செமஸ்டர் பரீட்சை தள்ளிப்போய், கடைசி டேர்ம் சுருங்கி, மார்ச்சில் கல்லூரி விழா என்றார்கள். புதுச் சலங்கை வாங்கு என்று கேட்கிற நிலையா வீட்டில்? மெத்தை, மிக்ஸி, அப்பா வண்டி எல்லாம் போய்விட்டது.

அப்பாவுக்கு நான் ஆடுவது பிடிக்காது. சண்டை போடமாட்டார், ஆனால் நான் ஆடுகிற எந்த இடத்துக்கும் வந்ததில்லை. ஒரு ராத்திரி கரண்ட் இல்லை. நான் மெழுகுவத்தி வைத்து சேஃப்டி பின்னால் ஒவ்வொரு மணியாகக் குடைந்துகொண்டிருந்தேன். ஒரு காலுக்கு ஐம்பது. அப்பா வந்து எதிரில் உட்கார்ந்தார், இன்னொரு காலை எடுத்துக்கொண்டார். அவருக்கு ஊக்கு வசப்படவில்லை. துடைப்பக்குச்சியை ஒடித்துக் கூராக்கிக்கொண்டார். ஒரு மணியைக் குடைவார், தண்ணீரில் அலசுவார், காதுக்குப் பக்கத்தில் வைத்துச் சுண்டுவார்.

"ம். இது பேசுது."

அடுத்தது. "இது பேசல." மறுபடியும் குச்சி.

இப்படி மூன்று ராத்திரி. வேறு ஒரு வார்த்தை கிடையாது. கடைசியில் ஏழு மணி பேசவே இல்லை. அதோடுதான் ஆடினேன். விழாவுக்கு அப்பா வரவில்லை. ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னாள், "உங்கப்பா ரெண்டு தடவ கேட்டுட்டாரு, எல்லாம் பேசிச்சான்னு."

நான் நேரே போய் அவரிடம் சொல்லியிருக்கவேண்டும். தூங்கப் போய்விட்டேன்.

பனங்காட்டான்:

பரதம், கரகம், குறவஞ்சி எல்லாம் வந்தாயிற்று. நம்ம மண்ணுக்கே உரிய கணியான் கூத்தை ஒருத்தரும் சொல்லவில்லையே, அது எப்படி? ஆச்சிக்குத் தரை பற்றி அவ்வளவு கவலை. கணியான் விடிய விடிய மண்ணில் ஆடுகிறான், அவன் முட்டியைப் பற்றியும் இரண்டு வரி எழுதுங்கள்.

எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு, புராஜெக்ட் எழுத ஒரு காலேஜ் பெண் வந்தாள். கடைசி செமஸ்டர். நன்றாக ஆடக்கூடியவள் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். கணியானில் பெண்கள் ஆடுவதில்லை; ஆண்கள்தான் சேலை கட்டி, சலங்கை கட்டி ஆடுவார்கள். அது அவளுக்கும் தெரியும். நோட்டும் பேனாவுமாக பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

ராத்திரி இரண்டு மணி இருக்கும். மகுடம் என்கிற பறையின் தோல் தொய்ந்துபோய், ஓலையைக் கொளுத்திக் காய்ச்சி எடுத்து வந்து, கதை பாடுகிற அண்ணாவி கதையைத் தூக்கிப் பிடித்தார். மகுடம் இரண்டும் ஏறி அடிக்க ஆரம்பித்ததும் பார்த்தேன், நோட்டு கீழே கிடந்தது. அவள் அசையாமல்தான் இருந்தாள், இடுப்புக்கு மேலே. நாற்காலிக்கு அடியில் இரண்டு காலும் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தன. ஆடிக்கொண்டிருந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டார். ஆட்டத்தோடு ஆட்டமாக அவள் முன்னால் வந்து, அவள் கால் போகிற கதியிலேயே நாலு சுற்றுத் தட்டிவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் திரும்பிப் போனார்.

காலையில் ஊர்ப் பெரியவர் ஒருவர், "கொடையில பொம்பளப் பிள்ள காலாட்டிட்டு உக்காந்திருக்கு" என்று சத்தம் போட்டார். அவள் பேசாமல் நோட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஆடினவரே வந்து கூட ஆடினார் என்று சொல்ல நான் ஒருத்தன் இருந்தேன். சொல்லவில்லை.

மாடிப்படி:

கொக்கிரகுளம், இப்போதாவது அப்பாவிடம் சொல்லுங்கள். ஆச்சி மாதிரி அறிவுரை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.

நேற்று ராத்திரி சமையலறையில் தனியாக உட்கார்ந்து மேடையில் தட்டிப் பார்த்தேன். மூணு, நாலு. மூணு, நாலு. ஒன்றும் கஷ்டமில்லை, ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

சத்திரத்துக்காரரே, ஒரு சந்தேகம். அந்தத் தலைக்கு எவ்வளவு டிக்கெட்?

சத்திரத்துக்காரன்:

பன்னிரண்டு ரூபாய். பதினைந்து கொடுத்தோம். மீதி மூன்றை இறங்கும்போது வாங்கிக்கோ என்றார். இறங்கும்போது செம்பைப் பிடிப்பேனா, சில்லறை கேட்பேனா?