டோர்செட்: கொட்டேஜ் எடுத்துத் தங்குவதா, பகலில் போய்த் திரும்புவதா?

மார்க்கம்வாசி:
அக்டோபரில் வரும் தாங்ஸ்கிவிங் வார இறுதிக்கு மூன்று குடும்பங்கள் ஒன்ராறியோவில் இருக்கிற டோர்செட் ஊருக்குப் போக யோசிக்கிறோம். பிள்ளைகளோடு மொத்தம் 14 பேர். மைத்துனர் லேக் ஒவ் பேஸ் ஏரிக்கரையில் ஒரு கொட்டேஜ் பார்த்து வைத்திருக்கிறார். விளம்பரத்தில் 8 பேர் என்று இருக்கிறது. தரையில் படுத்துச் சமாளிக்கலாம் என்கிறார். மனைவிக்கு அது விருப்பமில்லை. காலையில் போய் அங்குள்ள பார்வைக் கோபுரம் ஏறி நிறம் மாறும் இலைகளைப் பார்த்துவிட்டு இரவே திரும்பலாம் என்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏரிக்கரையான்:
இரண்டுமே வேண்டாம் என்பேன். அந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு சிறிய கொட்டேஜ் இருப்பதால் சொல்கிறேன்.

8 பேர் வீட்டில் 14 பேரைப் படுக்க வைக்கலாம், கழிவறைதான் தாங்காது. ஏரிக்கரை வீடுகளுக்கு நகரத்துக் கழிவுநீர்க் குழாய் கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்த செப்டிக் டாங்க், அதுவும் படுக்கையறை எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் பண்ணிப் போட்டது. அளவுக்கு மீறித் தண்ணீர் போனால் சரியாக வடியாமல் வெளியேறும். அங்கே அடியில் முழுக்கப் பாறை, மேலே மெல்லிய மண். வடிவதில் இருக்கும் பொஸ்பரஸ் ஏரிக்குப் போனால் பாசிக்குத்தான் விருந்து. லேக் ஒவ் பேஸ் நகராட்சி குறுகிய கால வாடகைக்கு உரிமம் கேட்பது சும்மா இல்லை. மைத்துனரிடம் அந்த வீட்டுக்கு உரிமம் இருக்கிறதா, எத்தனை பேர் தங்கலாம் என்று கேட்கச் சொல்லுங்கள்.

பகல் பயணம் என்றால் வேறு நாள் பாருங்கள். அந்த வார இறுதியில் 35ஆம் நெடுஞ்சாலையில் கார்கள் ஊர்ந்துதான் வரும்.

ஸ்காபரோ வாசுகி:
கொட்டேஜ் வைத்திருப்பவர் மற்றவர்களை வராதே என்கிறார். இதை எத்தனை தரம் கேட்டாயிற்று!

அண்ணா, கோபப்படாமல் வாசியுங்கள். அந்தக் கோபுரம் 1922-இல் காட்டுத்தீ பார்க்கக் கட்டியது. விமானத்தில் இருந்து பார்க்கத் தொடங்கியதும் அதற்கு வேலை இல்லாமல் போனது. இப்போது நிற்கிற 100 அடிக் கோபுரம் 1967-இல் வந்தது. எதற்கு? எங்களைப் போன்றவர்கள் ஏறிப் பார்ப்பதற்கு! கட்டணம் வாங்குவது அல்கொங்குவின் ஹைலண்ட்ஸ் நகராட்சி. டோர்செட்டில் இருக்கிற ரொபின்சன்ஸ் கடை 1921-இல் இருந்து நடக்கிறது, ஊர்ச்சனம் மட்டும் வாங்கியா நூறு வருடம் தாண்டியது?

பகலில் போகிறவர் ஐஸ்கிரீம் வாங்குவார், பாலத்தில் நின்று படம் எடுப்பார், இருட்ட முதல் திரும்பிவிடுவார். உங்கள் செப்டிக் டாங்கில் அவர் ஒரு துளி விடவில்லை. பாசிக்கு விருந்து வைப்பது கரையில் வீடு வைத்திருப்பவர்கள்தானே?

ஏரிக்கரையான்:
தங்கச்சி, வராதே என்று நான் சொல்லவில்லை. அந்த மூன்று நாளைத் தவிர்க்கச் சொல்கிறேன். டோர்செட் ஏரியின் ஒடுக்கமான இடத்தில், ஒரு பாலத்துக்கு இரண்டு பக்கமும் இருக்கிற சின்ன ஊர். பாதி மஸ்கோகா மாவட்டம், பாதி ஹாலிபர்ட்டன் மாவட்டம். கார் நிறுத்த இடம் இல்லையென்று சனம் வீதி ஓரத்தில் விட்டுவிட்டு நடக்கிறது. யாருக்காவது நெஞ்சுவலி வந்தால்? தெற்கே மின்டன் ஊரில் இருந்த அவசர சிகிச்சைப் பிரிவை 2023 ஜூனில் மூடிவிட்டார்கள். இனி ஹன்ஸ்வில் அல்லது ஹாலிபர்ட்டன் ஊர் மருத்துவமனைதான்.

பிராம்ப்டன் கோபி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கூட்டத்துக்கு ஒரு காரணம் அல்கொங்குவின் பூங்கா என்று நினைக்கிறேன். அங்கே காருக்கான பகல் அனுமதியை ஐந்து நாள் முன்பிருந்தே பதிவு செய்யலாம். இலை நிறம் மாறும் வார இறுதிகளில் அது சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. கிடைக்காதவர்களில் கொஞ்சம் பேராவது டோர்செட் பக்கம் திரும்புவார்கள். ஊரைத் திட்டி என்ன பயன்?

இன்னொன்று, சார். சுகர் மேப்பிள் சிவப்பு பெரும்பாலும் செப்டம்பர் கடைசியிலேயே உச்சத்துக்கு வந்துவிடும். தாங்ஸ்கிவிங் வரைக்கும் காத்திருந்தால் பாதி தரையில்தான் கிடக்கும். எல்லோரும் அந்த நாளுக்கே அடித்துப் பிடித்துக்கொண்டு போவது எனக்குப் புரிவதில்லை.

மழைக்காகிதம்:
ஏரியைப் பற்றி இருவரும் அடித்துக்கொள்வதால் ஒரு விஷயம். அந்தச் சின்ன ஊரிலேயே ஒன்ராறியோ சுற்றுச்சூழல் அமைச்சின் ஆய்வு நிலையம் இருக்கிறது. 1970களில் இருந்து சுற்றியுள்ள ஏரிகளை அளந்து வருகிறார்கள். முதலில் பொஸ்பரஸ், பிறகு அமில மழை. சட்பரி நகரத்து உலோக உருக்கு உலைகளின் புகையும் அதில் பங்காளி. புகை குறைந்தது, அமிலம் குறைந்தது. ஆனால் பல வருடம் மண்ணில் இருந்து கல்சியம் கழுவப்பட்டுப் போனதால், இப்போது பல ஏரிகளில் கல்சியம் குறைவு. பாசியைத் தின்னும் டப்னியா என்ற மிகச் சிறிய நீர்வாழ் உயிரிக்கு ஓடு கட்டக் கல்சியம் வேண்டும். அது குறைந்தால் பாசியைத் தின்ன ஆள் குறைவு.

ஆகவே ஒரு நாள் காரில் வந்து போகிறவரை ஏரியின் எதிரி ஆக்குவது சரியில்லை. வாசுகி பக்கம் நான் முக்கால்வாசி. மீதிக் கால்வாசி ஏன் இல்லை என்றால், வீதியில் கொட்டும் உப்பும் ஏரிக்குத்தான் போகிறது, அந்த வீதி கார்களுக்காகத்தான். ஆனால் கரை வீட்டுக்காரர் கையில் இருப்பது பொஸ்பரஸ். புல்தரையைத் தண்ணீர் வரைக்கும் இழுக்காமல் செடிகொடியை விட்டாலே பாதி வேலை. ஏரிக்கரையான் அண்ணா, நீங்கள் எப்படி?

ஏரிக்கரையான்:
கரையோரம் பத்தடிக்கு நான் கை வைப்பதில்லை. தன்னார்வலர்கள் நீர் மாதிரி எடுத்து அனுப்பும் லேக் பார்ட்னர் திட்டத்திலும் இருக்கிறேன். வாசுகி கேட்டது நியாயம்தான், அயலில் பலர் அப்படி இல்லை. அதற்காக 14 பேர் கதைக்கு நான் சம்மதிக்கமாட்டேன்.

ஸ்காபரோ வாசுகி:
14 பேருக்கு நானும் சம்மதம் இல்லை. அதை யார் கேட்டது? எனக்கு உறுத்துவது வேறு. பூங்கா மேசையில் புளிச்சாதப் பார்சலைத் திறந்தால் பக்கத்து மேசை திரும்பிப் பார்க்கும் அந்தப் பார்வை. "கூட்டம் வேண்டாம்" என்று சொல்லும்போது அந்தக் கூட்டம் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அதை நம்மவர் ஒருவரே சொல்லும்போது இன்னும் கடுப்பாகிறது.

ஏரிக்கரையான்:
எனக்கும் நடந்தது. என் படகுத்துறையில் நின்ற என்னிடமே ஒருவர் "நீங்கள் யாருடைய விருந்தாளி?" என்று கேட்டார். அதனால் நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் வீதி ஓரத்தில் கார் நிற்பது நிறம் பார்த்து வரும் பிரச்சினை இல்லை.

மார்க்கம்வாசி:
நான் கேட்டது ஒரு சின்னக் கேள்வி ஐயா! கொட்டேஜ் வேண்டாம் என்று மைத்துனரிடம் சொல்லிவிட்டேன், அவர் இன்னும் முகம் தூக்கிக்கொண்டு இருக்கிறார். பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாத பி.ஏ. டே வருகிற வெள்ளிக்கிழமை போகலாமா? ரொறன்ரோவில் இருந்து மூன்று மணி நேரம் என்றால் விடியவே வெளிக்கிட வேண்டும்.

பிராம்ப்டன் கோபி:
வெள்ளி நல்லது. மேப்பிள் போயிருந்தாலும் ஆஸ்பென் மரத்து மஞ்சள் இருக்கும். அக்டோபர் கடைசி என்றால் டமராக் மரங்கள் பொன்னிறமாக மாறும், அதைப் பார்க்கக் கூட்டம் வருவதில்லை. கோபுரம் குளிர்காலத்தில் மூடிவிடும், திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அலைபேசி சிக்னலை நம்ப வேண்டாம், வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரையான்:
பெற்றோலும் அடித்துக்கொண்டு வாருங்கள். குப்பையை வண்டியிலேயே திரும்பக் கொண்டுபோங்கள், கரடி வரும் இடம்.

ஸ்காபரோ வாசுகி:
நான் ஞாயிற்றுக்கிழமையே போகிறேன், தாங்ஸ்கிவிங் ஞாயிறு. காலை ஆறு மணிக்கு வெளிக்கிட்டால் கார் நிறுத்த இடம் கிடைக்கும். புளிச்சாதமும் வரும்.